115 கிரெயின் குண்டுக்கு மாறியதும் கைத்துப்பாக்கி மக்கர் பண்ணுகிறது: பவுடர் தப்பா, குண்டு தப்பா?

செந்தூல்காரன்

வணக்கம் அண்ணன்மார்களே. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதிப் பேர் கேள்வியைப் படிக்காமலே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்: நான் கோலாலம்பூரில் வீட்டில் உட்கார்ந்து தோட்டா செய்யப் போவதில்லை. சுபாங் பக்கம் கிளப்பில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. கிளப் துப்பாக்கி, கிளப் கணக்கில் வரும் தோட்டா, சுட்டு முடித்ததும் வெற்றுக்கூட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் நான்.

விஷயம் என் அத்தானைப் பற்றியது. அக்காவும் அவரும் மெல்பர்னில் இருக்கிறார்கள். அங்கே அவருக்கு லைசன்ஸ் உண்டு, கிளப் உண்டு, கார் ஷெட்டில் ஒரு மூலை முழுக்க ரீலோடிங் சாமான்தான், அதாவது சுட்ட கூட்டில் மறுபடி பவுடரும் குண்டும் வைத்துத் தோட்டா செய்யும் கருவிகள். 9 மி.மீ. பிஸ்டலில் ஐபிஎஸ்சி என்ற சுடும் போட்டியில் சுடுகிறார். இத்தனை வருடமாக 124 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டையும் பவுடரையும் நிறுக்கும் சின்ன எடை அளவு), ஏடிஐ கம்பெனியின் ஏபி70என் பவுடர், ஒரே அளவு, ஒரே நீளம், பிரச்சினையே இல்லை. போன மாதம் 115 கிரெயின் குண்டு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெட்டி வாங்கிவிட்டார். "குண்டு லேசானது, அதனால் அழுத்தம் குறையும், ஆபத்து இல்லை" என்று சொல்லி அதே அளவு பவுடரை, அதே மொத்த நீளத்தில் அமுக்கி இருநூறு தோட்டா செய்திருக்கிறார்.

உதை குறைந்தது, கைக்கு சுகமாக இருந்தது, ஆனால் பத்துக்கு ஒன்று வெற்றுக்கூடு வெளியே வராமல் ஸ்லைடில் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி) மாட்டிக்கொள்கிறது. வெளியே வருவதும் தூரமாகப் போய் விழாமல் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே உருண்டு விழுகிறதாம். கூட்டின் வெளிப்பக்கம் ஒரு ஓரமாகக் கரி பிடித்திருக்கிறது. பேரலுக்குள் எரியாத பவுடர் துணுக்குகள். போட்டோ அனுப்பினார், பார்த்தால் அடுப்படியில் கிடந்த பாத்திரம் மாதிரி இருக்கிறது.

இப்போது அவர் பவுடரையே மாற்றலாமா என்று யோசிக்கிறார். வேகமாக எரியும் பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னாராம். அடுத்த மாதம் பள்ளி விடுமுறைக்கு நான் குடும்பத்தோடு போகிறேன், போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன், ஒன்றும் தெரியாமல் தலையாட்ட விருப்பமில்லை. லேசான குண்டுக்கு எந்த மாதிரி பவுடர், ஏன் அப்படி என்று புரியும்படி யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். அளவு எண்கள் வேண்டாம், அது அவர் புத்தகத்தில் இருக்கிறது. காரணம்தான் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் மாமா

தம்பி, நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் இதைப் படிக்க வரும் இளைஞர்களுக்காக நான் ஒரு வரி எழுதத்தான் வேண்டும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டும் பார்ப்பதில்லை, தோட்டா தயாரிப்பதையும் சேர்த்தே பார்க்கிறது. பவுடர் என்று எடுத்தால் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் வந்து நிற்கும். தீபாவளிப் பட்டாசே அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது, அப்புறம் துப்பாக்கிப் பவுடரைப் பற்றி என்ன பேச்சு. ஆஸ்திரேலியாவில் கார் ஷெட்டில் செய்வது இங்கே ஜெயில் சமாச்சாரம்.

இன்னொன்று. அத்தான் ஆசையாக வெற்றுக்கூடு ஒன்று கொடுத்தால் வாங்காதீர்கள். சாவிக்கொத்தில் மாட்ட அழகாக இருக்கும், விமான நிலையத்தில் பையை ஸ்கேன் பண்ணும்போது அழகாக இருக்காது. அவருடைய பையை நீங்கள் கடன் வாங்கி வருவதாக இருந்தால் எல்லா ஜிப்பையும் திறந்து உதறிப் பாருங்கள்.

நான் ரிட்டயர் ஆகி வெகு நாள் ஆகிறது. எங்கள் காலத்தில் .38 ரிவால்வர்தான், கொடுத்த தோட்டாவைச் சுட்டோம், குண்டு எடை என்று யாரும் யோசித்ததில்லை. ஆனால் ஒரு தடவை வழக்கமான 158 கிரெயினுக்குப் பதில் வேறு லேசான தோட்டா வந்தபோது எல்லாருக்கும் குறிக்குக் கீழே பட்டது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பாதிப் பேர் புகார் சொன்னார்கள். துப்பாக்கி கெடவில்லை. சுடும்போது உதையில் குழாய் மேலே எழும், குண்டு குழாயை விட்டுப் போவதற்குள் அது கொஞ்சம் எழுந்துவிட்டிருக்கும். லேசான குண்டு சீக்கிரம் வெளியேறிவிடுவதால் குழாய் எழும் முன்னமே போய்விடுகிறது, அதனால் கீழே படுகிறது. பார்வைக்குறியை நகர்த்த முடியாத ரிவால்வரில் இது நன்றாகவே தெரியும். உங்கள் அத்தானுக்கும் படும் இடம் மாறியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

(என் வீட்டுப் பக்கத்து இடத்துக்கே பாடாங் தெம்பாக் என்றுதான் பெயர், கோலாலம்பூரிலும் ஒரு பாடாங் தெம்பாக் உண்டு. சுடுகளம் போய் அடுக்குமாடி வந்தாலும் பெயர் மட்டும் போகவில்லை.)

குறிப்பலகை

மாமா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே போகிறேன். நான் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறேன், ஐபிஎஸ்சி சுடுகிறவன், கடையில் வரும் தோட்டாதான், ஆனால் எண் விளையாட்டு பிடிக்கும்.

உங்கள் அத்தான் முதலில் பார்க்க வேண்டியது பவர் ஃபேக்டர். கணக்கு சுலபம்: குண்டின் எடை கிரெயினில், வேகம் விநாடிக்கு எத்தனை அடி, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஐபிஎஸ்சியில் மைனர் என்ற குறைந்தபட்ச நிலைக்கு 125 வேண்டும். அதற்குக் கீழே போனால் போட்டியில் சுடலாம், புள்ளி கிடையாது, அவ்வளவுதான். 147 கிரெயின் குண்டு என்றால் 851 அடி வேகம் போதும். 124 என்றால் ஏறக்குறைய 1008. 115 என்றால் 1087 வேண்டும். பார்த்தீர்களா, குண்டு லேசாக லேசாக வேகத்துக்கு நீங்கள் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காசு என்பது பவுடர்தான்.

அதனால்தான் போட்டிக்காரர்கள் நிறையப் பேர் 147-க்குப் போகிறார்கள். குண்டு மெதுவாகப் போகும், ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்கும் (20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 1125 அடி), பவுடர் குறைவாகத் தேவைப்படும், உதை என்பது வெடுக்கென்று இல்லாமல் தள்ளுவது மாதிரி இருக்கும். லேசான குண்டு போட்டால் உதை லேசாக இருக்கும் என்பது புதியவர்கள் எல்லாருக்கும் வரும் எண்ணம். ஒரே பவர் ஃபேக்டரில் வைத்துப் பார்த்தால் அது தலைகீழ். துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவது குண்டு மட்டும் இல்லை, அதன் பின்னால் சீறி வரும் வாயுவும்தான், அது குண்டைவிட வேகமாக வெளியே போகிறது. லேசான குண்டுக்குப் பவுடர் கூட, அதனால் வாயுவும் கூட.

அத்தானுக்குச் சுகமாக இருந்தது என்றால் சந்தேகமே இல்லை, அவர் 125-க்குக் கீழே சுடுகிறார். கிரோனோகிராஃப் வைத்து வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். இதை அளக்காமல் பவுடர் மாற்றுவதைப் பற்றிப் பேசுவது காய்ச்சலை அளக்காமல் மாத்திரை மாற்றுவது மாதிரி.

என்னைக் கேட்டால் அந்த 115 பெட்டியை விற்றுவிட்டு 147 வாங்கச் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ் ஃபிட்டர்

குறிப்பலகை எப்போதும் 147-தான் சொல்வார், அது அவருக்கு மதம். 115-லும் நன்றாக ஓடும் தோட்டா செய்யலாம், 9 மி.மீ. தோட்டாவில் 115 ஏராளமாக விற்கிறது. தவறு குண்டில் இல்லை.

நான் துப்பாக்கிக்காரன் இல்லை, தொழிற்சாலையில் ஸ்பிரிங், பிஸ்டன் என்று இருபது வருடம் ஓட்டினவன், சித்தப்பா மகன் சுடுகிறவன் என்பதால் ஆர்வம். செந்தூல்காரன் எழுதியதில் ஒரு வார்த்தை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள்: "அதே மொத்த நீளத்தில்". அங்கேதான் விஷயம் இருக்கிறது.

115 குண்டும் 124 குண்டும் ஒரே குறுக்களவு, ஒரே வகை ஈயம், வெளியே செம்பு உறை. எடை குறைய வேண்டுமென்றால் எங்கே குறையும்? நீளத்தில்தான். 115 குட்டையானது. மூக்கு முனையிலிருந்து கூட்டின் அடிவரை மொத்த நீளம் மாறாமல் வைத்தால், குட்டையான குண்டின் அடிப்பக்கம் கூட்டுக்குள் குறைந்த ஆழமே போயிருக்கும். அதாவது உள்ளே காலியிடம் கூடிவிட்டது. 9 மி.மீ. கூடு சின்னது, அதில் மில்லிமீட்டரில் ஒரு பங்கு ஆழம் மாறினாலே அழுத்தம் கணிசமாக மாறும். ஆக மூன்று பக்கமும் அடி: தடுக்கும் எடை குறைவு, காலியிடம் அதிகம், கூட்டின் வாய் குண்டைப் பிடித்திருக்கும் நீளமும் குறைவு. மூன்றும் சேர்ந்து அழுத்தம் எழும்பவே விடவில்லை.

பவுடர் என்பது திறந்த வெளியில் எரிவது மாதிரி உள்ளே எரிவதில்லை. அழுத்தம் ஏற ஏறத்தான் அது வேகமாக எரியும். அழுத்தம் எழும்பாவிட்டால் சோம்பேறித்தனமாக எரியும், பாதி துணுக்கு அப்படியே வெளியே கொட்டும். காலி தள்ளுவண்டியைப் பலம் போட்டுத் தள்ளிப் பாருங்கள், கைக்குப் பிடிமானமே கிடைக்காமல் வண்டி ஓடிவிடும், நாம் முன்னால் விழுவோம். மூட்டை ஏற்றிய வண்டி என்றால் அழுத்தித் தள்ள முடியும். பவுடருக்கும் அப்படி எதிர்த்து நிற்க ஒன்று வேண்டும்.

கூட்டின் வெளியே கரி பிடிக்கக் காரணமும் இதுதான். சுடும்போது பித்தளைக் கூடு அழுத்தத்தில் உப்பி அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் சரியாக அடைக்காது, புகை சந்து வழியாகப் பின்னால் வந்து கூட்டில் படியும். ஓரமாகக் கரி என்பது "அழுத்தம் குறைவு" என்று கூடே எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி.

ஸ்லைடுக்கு வருவோம். அதை முன்னால் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அவருடைய பழைய 124 தோட்டாவின் தள்ளலுக்குப் பழகியது. தள்ளல் குறைந்தால் ஸ்லைடு கடைசிவரை போகாமல் பாதியில் திரும்பும், கூடு மாட்டும். மென்மையான ஸ்பிரிங் போட்டால் மறைந்துவிடும், உண்மை, ஆனால் அது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து. முதலில் தோட்டாவைச் சரி செய்யட்டும்.

ஹூஸ்டன் திரும்பி

எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினோரு வருடம் டெக்சஸில் இருந்துவிட்டு பட்டர்வொர்த்துக்குத் திரும்பி வந்தவன், அங்கே இருந்தபோது நானே ரீலோடிங் செய்திருக்கிறேன், அந்த மெஷினை எல்லாம் விற்றுவிட்டுத்தான் வந்தேன், இன்னும் அந்தப் பிரஸ் சத்தம் கனவில் வரும்.

பவுடரைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுள்ளி போட்டால் குப்பென்று பிடித்து உடனே அடங்கிவிடும், ரப்பர் கட்டை மெல்லப் பிடித்து நின்று எரியும். கைத்துப்பாக்கிப் பவுடரில் புல்ஸ்ஐ, டைட்குரூப் எல்லாம் சுள்ளி. பின்லாந்தின் வீதாவூரி என்320-யும் எச்பி-38-ம் கொஞ்சம் அந்தப் பக்கம்தான். யூனிக், யூனிவர்சல் நடுத்தரம். எச்110 என்பது முழுக் கட்டை, மேக்னம் ரிவால்வருக்கு. அத்தானின் ஏபி70என் இருக்கிறதே, அது அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் பெயரில் யூனிவர்சல் என்று விற்கும் அதே பவுடர்தான். நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா என்ற ஊரில் செய்கிறார்கள், விக்டோரியா எல்லையில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாரவொங்கா, அந்தப் பக்கம் முல்வாலா. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்து, நான் ஹூஸ்டனில் வாங்கியிருக்கிறேன்.

"லேசான குண்டுக்கு வேகமான பவுடர், கனமான குண்டுக்கு மெதுவான பவுடர்" என்று ஒரு வாய்பாடு எல்லாக் கடையிலும் சொல்வார்கள். பாதிதான் சரி. லேசான குண்டை மெதுவாக, சாதுவாகச் சுட வேண்டும் என்றால் வேகமான பவுடர் கொஞ்சம் போட்டால் போதும், குறைந்த அழுத்தத்திலும் சுத்தமாக எரிந்துவிடும். ஆனால் அதே லேசான குண்டை முழு வேகத்தில் அனுப்ப வேண்டும் என்றால் நடுத்தரமோ அதைவிட மெதுவானதோதான் வேண்டும். காரணம், 9 மி.மீ.க்கு அமெரிக்க விதிப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. வேகமான பவுடர் அந்தக் கூரையைச் சீக்கிரம் முட்டிவிடும், குண்டு இன்னும் வேகம் எடுத்திருக்காது. மெதுவானது அதே கூரைக்குக் கீழே நீளமாகத் தள்ளிக்கொண்டே போகும். அத்தானுக்கு மைனர் வேகம் வேண்டும், 1087 என்பது 115-க்கு நிறைய. ஆக அவர் நண்பர் சொன்ன மாதிரி ரொம்ப வேகமான பவுடருக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை, கையில் இருக்கும் ஏபி70என் பொருத்தமான பவுடர்தான். ஏடிஐ புத்தகத்தில் 115-க்கு என்று தனி வரி இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கட்டும். 124-க்குப் போட்ட அளவு 115-க்கு "பாதுகாப்பானது" என்பது ஓரளவு உண்மை, ஆனால் பாதுகாப்பானது வேறு, வேலை செய்வது வேறு.

வேகமான பவுடரில் எனக்குள்ள இன்னொரு பயத்தையும் சொல்கிறேன். அது கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால் கூட்டில் கால்வாசி, அரைவாசிதான் நிரம்பும். கை தவறி ஒரே கூட்டில் இரண்டு தடவை விழுந்தால்கூட மேலே பொங்கி வழியாது, குண்டு ஜம்மென்று உட்காரும். .38 ஸ்பெஷலில் இன்னும் மோசம், அது கரும்பொடிக் காலத்துக் கூடு, உள்ளே மைதானம் மாதிரி இடம். நான் இருந்த கிளப்பில் ஒருவருடைய ரிவால்வர் உருளை மேல்பக்கம் பிளந்து பறந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி போட்டிருந்தார். அன்றிலிருந்து, கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான பவுடர் எதுவோ அதைத்தான் வாங்குவேன், இரட்டையாக விழுந்தால் வழிந்து காட்டிக் கொடுத்துவிடும். நடுத்தரப் பவுடர் இந்த விஷயத்தில் டைட்குரூப்பைவிட எவ்வளவோ மேல்.

நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. எச்110 மாதிரிக் கட்டைப் பவுடரைக் குறைத்துப் போட்டு "மென்மையான தோட்டா" செய்யப் பார்ப்பார்கள். ஹாட்ஜ்டன் கம்பெனியே 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று எழுதி வைத்திருக்கிறது. குறைத்தால் சரியாகப் பற்றாமல் குண்டு குழாய் நடுவில் நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் கதை முடிந்தது. அத்தானிடம் கேளுங்கள், அந்த இருநூறில் எதிலாவது "புஸ்" என்று சத்தம் குறைந்து வந்ததா என்று. வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்து, குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பத்து ஆராங் பேரன்

குறுக்கே ஒன்று. எங்கள் தாத்தா பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், 1960-ல் சுரங்கம் மூடிய பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது அதே பத்து ஆராங்கில்தான் எஸ்எம்இ ஆர்டனன்ஸ் தோட்டா தொழிற்சாலை இருக்கிறது. நம் நாட்டில் தோட்டா செய்ய ஆசை வந்தால் அங்கே வேலைக்கு மனு போடுவதுதான் வழி லா.

கேள்வி ஒன்று: ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு லேசானது என்கிறார்களே, அதற்கும் இதே கணக்குத்தானா? சுபாங்கில் ஒருவர் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்.

பாயான் லெப்பாஸ் ஃபிட்டர்

பேரன், நல்ல கேள்வி, அங்கே கணக்கு அப்படியே புரளும். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.96. அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். எடையைப் பார்த்து "லேசானது, காலியிடம் கூடும்" என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள், நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி இடத்தைப் பிடித்துவிடும், அழுத்தம் ஏறும். அத்தான் கதையில் குண்டு குட்டை, அழுத்தம் இறங்கியது. இங்கே லேசான குண்டே அழுத்தத்தை ஏற்றும். அதனால் எடை மட்டும் பார்த்து ஈயக் குண்டின் அளவைச் செம்புக் குண்டுக்கு எடுக்கக் கூடாது, அந்தக் குண்டு செய்தவன் கொடுத்த அட்டவணைதான்.

செந்தூல்காரன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஃபிட்டர் அண்ணன் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் அத்தானுக்கு அனுப்பினேன், ஒரு மணி நேரம் பதிலே இல்லை, அப்புறம் "யார் இவர்?" என்று மட்டும் வந்தது.

சனிக்கிழமை கிளப்பில் கிரோனோகிராஃப் வைத்து அளந்திருக்கிறார். பழைய 124 சராசரி 1040 அடி, கணக்குப் போட்டால் 129, நன்றாகத் தேறுகிறது. புதிய 115 சராசரி 1060, பெருக்கினால் 121.9. குறிப்பலகை சொன்ன மாதிரியே மைனருக்குக் கீழே. அதைவிட ஆச்சரியம், பழையதில் பத்து தோட்டாவுக்குள் வித்தியாசம் முப்பது அடிக்குள் இருந்தது, புதியதில் 1015-லிருந்து 1110 வரை ஆடுகிறது. சத்தம் குறைந்து எதுவும் வரவில்லையாம், கடவுள் புண்ணியம். மாமா சொன்னதும் சரி, படும் இடம் கொஞ்சம் கீழேதான், அவர் அதைத் தன் விரல் தவறு என்று நினைத்திருந்தார்.

ஆனால் ஒரு சந்தேகம். வேகம் 1040-லிருந்து 1060-க்குக் கூடியிருக்கிறது, பிறகு ஏன் ஸ்லைடு பாதியில் திரும்புகிறது?

குறிப்பலகை

வேகம் கூடியது சும்மா இருபது அடி, எடை குறைந்தது ஒன்பது கிரெயின். ஸ்லைடுக்கு வேகம் தெரியாது, இரண்டின் பெருக்கல்தான் தெரியும். 129-லிருந்து 122-க்கு இறங்கிவிட்டது, அந்த ஸ்பிரிங்குக்கு 122 போதவில்லை.

இன்னொரு வேடிக்கை, ஆற்றல் கணக்கில் ஆட்டமே மாறும். 125 பவர் ஃபேக்டரில் சரியாக நிற்கும் 115 குண்டின் ஆற்றல் சுமார் 300 அடி-பவுண்டு, 147-க்கு 236-தான். பெட்டியில் பெரிய எண் போட்டு விற்க லேசான குண்டு ஏன் வசதி என்று இப்போது புரிகிறதா. கையில் தெரிவது அந்த எண் இல்லை.

அந்த 1015-லிருந்து 1110 ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. போட்டியில் எட்டுத் தோட்டா எடுத்து அளப்பார்கள், சூடான நாளில் தேறி குளிரான நாளில் விழலாம். 125-க்குச் சரியாகக் குறி வைக்காமல் மேலே கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சரி, 147 பற்றி இனி பேசமாட்டேன்.

ஹூஸ்டன் திரும்பி

அந்த ஆட்டம் பவுடர் ஒழுங்காகப் பற்றாததால். அழுத்தம் சரியானதும் தானாகச் சுருங்கும், பாருங்கள்.

அத்தானிடம் சொல்லுங்கள்: மிச்சமிருக்கும் தோட்டாவை பவுடர் கூட்டிச் சரி செய்ய நினைக்க வேண்டாம், குண்டு இழுக்கும் கருவியால் பிரித்துவிட்டு முதலிலிருந்து. அந்த 115 குண்டு எந்த வகை, வெறும் செம்பு முலாமா, கெட்டி உறையா, பெயின்ட் பூசிய ஈயமா என்று பெட்டியைப் பார்த்து, புத்தகத்தில் அதே வகைக்குரிய வரியை எடுத்து, அதில் சொன்ன நீளத்தில், தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, ஐந்தைந்து தோட்டாவாக, ஒவ்வொரு படிக்கும் வேகம் அளந்து மேலே போக வேண்டும். படி என்பது கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. இந்த கிரெயின் எவ்வளவு சின்னது என்று தெரிய வேண்டுமானால், நம் ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கிறதே, ஒரு குன்றிமணி எடைக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். அதில் பத்தில் ஒன்று. மின்விசிறி காற்றுப் பட்டாலே தராசு ஆடும், நான் விசிறியை நிறுத்திவிட்டு டெக்சஸ் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிறுப்பேன்.

புத்தகத்தின் உச்ச அளவுக்கு வந்தும் 1087 வரவில்லை என்றால் தாண்டக் கூடாது, அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கிக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டும். ஆனால் வரும், யூனிவர்சலுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஆயர் ஈத்தாம் மாமா

எங்கள் காலத்தில் இவ்வளவு கணக்குப் போட்டிருந்தால் திருடன் பட்டர்வொர்த் பெர்ரி ஏறிப் போயிருப்பான்.

செந்தூல்காரன்

மாமா, அதுவும் உண்மைதான்.

கடைசித் தகவல். நான் மெல்பர்ன் போய்விட்டு வந்தாயிற்று. அத்தான் மிச்சத் தோட்டாவைப் பிரித்துப் புதிதாகச் செய்தார், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை எழுதினேன், கை வைக்கவில்லை. புத்தகத்தில் 115-க்குப் போட்டிருந்த அளவு அவர் 124-க்குப் போட்டதைவிடக் கூட, நீளம் கொஞ்சம் குட்டை. தொடக்க அளவிலிருந்து நாலாவது படியில் சராசரி 1120, வித்தியாசம் நாற்பது அடிக்குள், கூட்டில் கரி இல்லை, ஸ்லைடு ஒரு தடவைகூட மாட்டவில்லை. பவர் ஃபேக்டர் 128.8. ஸ்பிரிங் மாற்றவில்லை, பவுடர் மாற்றவில்லை.

உதை மட்டும் 124-ஐவிட வெடுக்கென்று இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். இந்தப் பெட்டி முடிந்ததும் பழையபடி 124-க்கே போகப் போகிறாராம். பெட்டியில் இன்னும் எண்ணூறு குண்டு இருக்கிறது.

பையை மூன்று தடவை உதறிப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பக்கவாட்டு ஜிப்பில் அக்கா வைத்த ஊறுகாய் பாட்டில் மட்டும் இருந்தது, அதையும் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள்.